தவளையான எம்.எல்.ஏ.

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகைக்குக் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தேன். புதுச் சாலையின் குழியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டும் படம் பாறசாலைப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பிடித்துப்போனது. ஆண்டு விழாவுக்கு அதை அசையும் படமாக்கித் தரச் சொன்னார்.

"பிள்ளையளுக்கு அரசியல் வேண்டாம். ஆள ஒரு தவளையா மாத்தும்."

முந்நூறு தாள்களில் தவளை வரைந்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் ஒவ்வொன்றாகப் படம்பிடித்தான்.

விழாவின் சிறப்பு விருந்தினர் அதே எம்.எல்.ஏ. தவளை ரிப்பன் வெட்டியதும் ஒரு சிறுமி கூவினாள்: "டீச்சரே, இது நம்ம எம்.எல்.ஏ. ஆக்கும்!"

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. எம்.எல்.ஏ.வோ பூரித்துப்போய் என் தோளில் தட்டினார்.

"பிள்ளையளுக்குக்கூட என்னைத் தெரியுது, பாத்தியா மக்கா! எலக்சனுக்கு முன்ன எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இதக் காட்டணும்."

மலையோர அம்பூரி முதல் கடலோரப் பூவார் வரை காட்டினோம்.