கைதட்டலுக்கு விட்ட இடம்

பாச்சலூர்ப் பள்ளியில் சண்முகசுந்தரி டீச்சர் சுதந்திரப் போராட்ட காலத்து மேடைப்பேச்சு ஒன்றைச் செல்போனில் ஓடவிட்டார்.

"இந்தா, பேச்சை நிறுத்துறாரு பாருங்க. எதுக்கு?"

"சனங்க கைதட்டுறதுக்கு டீச்சர்," என்றாள் பூங்கொடி. "கேக்க ஆளே இல்லாட்டியும் நிறுத்துவாரா?"

"ஆளில்லாத எடத்துல எவனாச்சும் நிறுத்துவானா? அவனென்ன கிறுக்கனா?" என்று டீச்சர் எரிந்து விழுந்தார். வகுப்பே சிரித்தது.

கணவர் இறந்ததும் பழனியை விட்டு மாற்றல் வாங்கி வந்தவர் அவர். வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்று மாலை, மூடுபனி உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு அடுப்பில் டீயை வைத்தார். வழக்கம்போல அடுத்த அறைப் பக்கம் திரும்பி, "இன்னிக்கி பூங்கொடி என்ன கேட்டா தெரியுமாங்க?" என்றார்.

சொல்லிவிட்டு, நிறுத்தினார்.