எழுதுவதற்கு ஒரு விலாசம்

அக்கா ஒரு பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. முதியோர் பராமரிப்புப் பயிற்சியின் இரண்டாவது வாரம். கட்டிலில் கிடந்த ஆளுயரப் பிளாஸ்டிக் பொம்மையை ஒருபக்கமாகத் திருப்பி விரிப்பை மாற்ற வேண்டும். மற்றவர்கள் அரிசி மூட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டினார்கள். அக்கா மட்டும் குனிந்து, "கொஞ்சம் திரும்புறீங்களா ஐயா, என் கை சில்லுனு இருக்கும், மன்னிச்சுக்கங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர் அம்மா சிரிக்கவில்லை. "ஆறு மாசத்துல நான் சொல்லிக் கொடுக்க நெனச்சது இதைத்தான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் காட்டிக்கொள்ள வழியில்லை. அக்கா யாரென்றே தெரியாதவள்போல் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. ஒன்று வகுப்பறையையும் ஆசிரியர்களையும் கொடுத்தது. மற்றது பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் கொடுத்தது. கண்டி நகரத்தின் வசதியில்லாத குடியிருப்புகள் சிலவற்றைப் பட்டியல் போட்டு, அங்கே வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு மட்டும் இடம் என்று அறிவித்தார்கள். நான் இணைப்பாளர். பெயர்தான் பெரிசு. வந்தவர்கள் வரவு எடுப்பது, கோப்பு கட்டுவது, தேநீருக்குச் சொல்வது, கூட்டங்களில் தமிழைச் சிங்களமாக்குவது, எல்லாம் என் தலையில். பட்டியலில் இருந்த குடியிருப்புகளில் ஒன்று நான் பிறந்த லயன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

துப்புரவுத் தொழிலாளர்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டிய, ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயன். நாலாவது காம்பராவில் நாங்கள், ஆறாவதில் அக்கா வீடு. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் எனக்குத் தலை வாரி விட்டதும், அம்மை போட்டுக் கிடந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். எங்கள் லயனில் எல்லோருக்கும் இரண்டு விலாசம். ஒன்று இருப்பதற்கு, இன்னொன்று எழுதுவதற்கு. வேலை கேட்டு லயன் விலாசத்தை எழுதினால் கடைக்காரர்கூட "பொறகு சொல்றோம்" என்பார், அந்தப் பொறகு வரவே வராது. அதனால் அப்பா எனக்குப் பேராதனையில் தெரிந்த ஒருவர் வீட்டு விலாசத்தை எழுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டே படித்து, உத்தியோகம் வாங்கி, கல்யாணமும் கட்டினேன். அக்காவுக்குக் குண்டசாலையில் மாமா வீட்டு விலாசம். அடையாள அட்டை, வாக்காளர் பட்டியலான இடாப்பு எல்லாவற்றிலும் அவள் குண்டசாலைக்காரி. ஆனால் ஒரு நாள்கூட அங்கே குடியிருந்ததில்லை.

பயிற்சிக்கான விண்ணப்பத்தில்தான் வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் தான் இருக்கும் விலாசத்தை எழுதினாள். அதைத்தான் நம்ப மாட்டோம் என்றார்கள். நாலாவது மாதம் சான்றிதழ் கொடுக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து சரிபார்ப்புக்கு ஆட்கள் வந்தார்கள். அட்டையில் குண்டசாலை, விண்ணப்பத்தில் லயன். கிராம சேவகரும் பாவம், இடாப்பில் இல்லாத பெயருக்கு நான் எப்படிக் கடிதம் தருவது என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று, என்னைப்போல் நிரந்தர உத்தியோகத்தில் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். படிவத்தில் ஒரேயொரு கேள்வி: இவரை எப்படி அறிவீர்கள்?

கூட்டத்தில் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அப்படி உன்னைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நான் தமிழில் அவளிடம் கேட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. அடுத்த கணமே கண்ணை மேசைக்கு இறக்கி, "அப்படி யாரும் இல்லீங்க மிஸ்" என்றாள். அதைச் சிங்களமாக்கி, ஒரு சொல் பிசகாமல், சபைக்குச் சொன்னவள் நான்.

பிறகு பஸ் நிலையத்தில் அவளைத் தேடிப் போய் நின்றேன். அவளே பேச்சை எடுத்தாள். "நீ ஒரு எடத்துல தலை நிமிந்து இருக்க. அதை நான் கெடுக்கலாமா? போ, போய் வேலையப் பாரு." எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. சே, என்ன ஜென்மம் நான் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. சான்றிதழ் இல்லாமல் வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். மூன்று நாள் வந்தாள், பிறகு வரவில்லை. கூடப் படித்தவர்களைப் பராமரிப்பு நிலையங்கள் எடுத்துக்கொண்டன. அக்கா ஒரு புடவைக் கடையில் கழிவறை கழுவப் போனாள்.

சில வருஷம் போய்விட்டது. இந்த வருஷம் இன்னொரு புதிய அணி. அதே லயனிலிருந்து ஒரு பெண், அதே சிக்கல். சரிபார்ப்புக் கூட்டத்தில் அதே படிவம் மேசைக்கு வந்தது. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. இத்தனை வருஷம் ஒரு பொய்யைத் தூக்கிச் சுமந்ததில் தோள் விட்டுப் போனதுபோல் ஓர் அசதி. பேனாவை எடுத்து, "நான் பிறந்ததும் அந்த லயனில்தான், நாலாவது காம்பரா" என்றேன். வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தேன். தலைமை வகித்தவர், "அப்படியா, நல்லதாகப் போயிற்று, கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தேநீர் வேளையில்கூட யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் பண்ணினேன். அதற்கு முன்பே விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தால்தான் சேரலாம். அக்கா அதைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் அக்கா, என்றேன். அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு பதறிப்போய்க் கேட்டாள்:

"ஐயோ, ஒன்னய ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணுமே சொல்லல."