தெய்வத்துக்கு நான் காட்டிய மரம்

பச்சை மரத்தை வெட்டும்போது எழும் புளித்த வாடை அந்தக் கோடை விடுமுறை முழுக்க என் பாவாடையில் ஒட்டியிருந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே, காட்டு வழியாகக் கரண்டுக் கம்பி கொண்டுபோக மரம் வெட்டும் காண்டிராக்ட் அப்பாவுக்குக் கிடைத்திருந்ததால், பத்து வயதான என்னையும் "கேம்பு"க்கு அழைத்துப் போயிருந்தார். கம்பி போகும் பாதையில் நின்ற மரங்களுக்குச் சுண்ணாம்பில் "வரி" போட்டிருந்தார்கள். வரி போட்ட மரம் மறுநாள் தரையில் கிடக்கும்.

அங்கே குடியிருந்த மலைக்குடிகளான காணிக்காரர்களுக்குப் பூசை செய்கிற ஈச்சன் காணி ஒருநாள் அப்பாவிடம் வந்து, வரி போட்ட ஒரு வேங்கை மரத்தில் தங்கள் தெய்வம் இருக்கிறது, அதை வேறு மரத்துக்கு அழைத்துப் போகாமல் கோடாலி வைக்கலாகாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெண்குழந்தை கைநீட்டிக் காட்டுகிற மரத்தைத் தெய்வம் மறுக்காது என்பது அவர்கள் முறை.

"மக்கா, நீயே ஒரு மரத்தக் காட்டிக் குடு, சனியன் தொலையட்டும்" என்றார் அப்பா.

நான் ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வந்தேன். அதன் மறுபக்கத்தில் வரி இருந்தது. வேலையாட்கள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள், அவர்கள் இன்னும் சிரிக்கவேண்டும் என்ற ஒரே ஆசையில் அதையே காட்டினேன். ஈச்சன் அதைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் உச்சிவெயில் வரை பாடி, தெய்வத்தை அங்கே குடியேற்றினார். மறுநாள் இரண்டு மரங்களும் விழுந்தன.

"இனி மரம் வேண்டாம் ஏமானே, நானே சொமந்நோளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் காட்டுக்குள் போனார். தெய்வத்தைத் தன் மேல் ஏற்றுக்கொண்டவன் மனிதரோடு குடியிருக்க முடியாதாம்.

நான்காம் நாள், நிறைமாதமாயிருந்த அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். தெரிந்தே காட்டியிருந்தால் குற்றம் காட்டியவளுடையது, அவர் திரும்பி வந்துவிடலாம். தெரியாமல் நடந்ததென்றால் தெய்வத்தை அங்கே அழைத்துப்போனவர் சாகும்வரை சுமக்க வேண்டும் என்று விளக்கினாள்.

"கொச்சம்மா, நெசம் சொல்லணும். மரத்துல வரி கண்டியளா?"

பயத்தில் "காணல்ல" என்றேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

போன வருடம் அங்கே போயிருந்தேன். கம்பி இருக்கிறது, குடிகள் இல்லை, அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. உண்மையைச் சொல்லத்தான் வந்தேன் என்று கூட வந்த மகனிடம் சொன்னேன். அதுவும் பொய். அவள் எதிரே வந்து நின்றிருந்தால் மறுபடியும் "காணல்ல" என்றுதான் சொல்லியிருப்பேன்.