மெசினைத் தள்ளப்போகிறவரின் பெயர்

சாலாக் செலாத்தானில் சிமெண்டுத் தரையைத் தேய்க்கும் மெசின்களை வாடகைக்கு விடுபவர் அவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா. யார் போனாலும் நோட்டைத் திறந்துவைத்து, மெசினைத் தள்ளப்போகிறவரின் பெயரைக் கேட்பார்.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குத் தரையைத் தேய்த்துத் தர நான் ஒப்புக்கொண்டிருந்தேன். அங்கே கரண்ட் இல்லை என்பதால் பெட்ரோல் மெசின் கேட்டேன்.

"சன்னல் இருக்கா பாஸ்?"

"இல்ல அங்கிள், ஒரு கதவுதான்."

"அப்ப பெட்ரோல் வேணாம் லா. புகை உள்ளயே நின்னு ஆளைச் சாய்ச்சிடும். ஜெனரேட்டரை வெளிய வெச்சிட்டு கரண்ட் மெசினை ஓட்டுங்க. யாரு தள்ளுறது?"

"ஒரு பங்களாதேஷ் ஆளு."

"பேரு?"

எனக்குத் தெரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"பேரு எதுக்கு அங்கிள்? தரைக்குத்தானே மெசினு?"

"தரைக்கு ஒன்னும் ஆகாது லா," என்றார்.

ஜெனரேட்டர் தேடி அலைய எனக்குப் பொறுமையில்லை. வேறு கடையில் எதுவும் கேட்காமல் பெட்ரோல் மெசின் கொடுத்தார்கள். மறுநாள் மதியம் அந்த ஆள் கிடங்குக்குள் மயங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். அவர் பையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னேன். சாயங்காலம் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து, ஏனென்று தெரியாமலேயே சாலாக் செலாத்தான் கடைக்குப் போனேன். அவர் நோட்டைத் திறந்தார்.

"யாரு தள்ளுறது?"

அந்தப் பெயரைச் சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிதானமாக எழுதினார். எந்த மெசின் வேண்டும் என்று கேட்கவே இல்லை.