ஜாமீனுக்கு ஆகாத நிலம்

சட்டமன்ற உறுப்பினரை லஞ்ச வழக்கில் கைது செய்து மலாக்கா கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஜாமீன் பத்திரங்களைச் சரிபார்க்கும் கிராணியாக நான் இருந்தேன். சுதந்திரம் வந்த புதிதில் எங்கள் கஜா பேராங் வட்டாரம் முழுவதும் அவரை ‘ஒய்.பி.’ என்று மரியாதையாக அழைத்து மாலை போட்டிருந்தது. அரசாங்க நிலத்துக்கு கிராண்ட் என்னும் நிரந்தரப் பட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி என் தம்பியிடம் பணம் வாங்கினார். கொடுத்தது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம். அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்கவில்லை. தம்பியின் வீட்டை இடித்தார்கள். அந்த இடத்தில் உறுப்பினரின் மைத்துனருடைய பலகைக் கிடங்கு எழுந்தது.

சொந்த நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்கலாம் என்றார் மாஜிஸ்திரேட். உறுப்பினருடைய ஆட்கள் சிலர் ஓடி வந்து பத்திரங்களை நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தேன். எல்லாம் தற்காலிக உரிமம்.

“நானே வாங்கிக் கொடுத்த நிலம், கிராணி,” என்றார் உறுப்பினர்.

“அதனாலதான் செல்லாது, ஒய்.பி.”

ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். “கிராண்டுன்னுதானே சொன்னீங்க?” என்றான் ஒருவன்.

உறுப்பினர் என் பக்கம் குனிந்து, “உங்க வீட்டுக்குக் கிராண்ட் இருக்குமே?” என்றார்.

“இருக்கு. கோர்ட்டு ஊழியன் ஜாமீன் நிற்கக் கூடாது. அந்த விதி இல்லேன்னாலும் நிற்க மாட்டேன்.”

அவரை லாக்கப்புக்கு அழைத்துப் போனார்கள். மாலையில் தம்பியின் வாடகை அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னான். சந்தோஷமாகச் சொன்னேன்.