குருபோங்கில் இரண்டாம் போகம்

விவசாய இலாகாவில் நெல் பிரிவு உதவியாளன் என்றால், வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், காலங்காலமாக நெல் போட்டு வருகிறவர்களிடம் "இனிமேல் வேறு மாதிரி போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்காமல் வீடு திரும்புகிற உத்தியோகம்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த சமயம் அது. நான் காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் மனைவி புஷ்பத்தோடு குடியிருந்தேன். கேட்காதவர்களிடம் போய் நல்லது சொல்லிச் சம்பளம் வாங்கிய இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, அம்மை குத்தப் போனவர்களே, தையல் மிஷின் விற்றவர்களே, உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும்.

காப்பிக் கடைக் கூட்டம்

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அறுவடைக்குப் பிறகு வயல் சும்மா கிடக்கிற மாதங்களில், சீக்கிரம் விளைகிற புது நெல்லைப் போடுங்கள். புது வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வைக்கோலைக் கொளுத்தாமல் மக்கவைத்து மண்ணுக்கே கொடுங்கள். மண்ணும் கெடாது, வீட்டுக்கும் இன்னொரு விளைச்சல் வரும்.

முதலில் செங் என்ற ஊர்ப் பக்கம் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "ரொம்ப நல்ல யோசனை. முதல்ல குருபோங்கில் செய்யட்டும், பார்த்துட்டு நாங்க செய்றோம்" என்றார்கள். நேராகக் குருபோங் போனேன். அங்கே காப்பிக் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்கள். ஒருவர் எனக்குக் காப்பிகூட வாங்கிக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் பாக் சமாட் என்ற மூத்த விவசாயி எழுந்தார். எழுதத் தெரிந்து சட்டை போட்டவன் யாராயிருந்தாலும் அவருக்குக் கிராணி, அதாவது குமாஸ்தாதான். மலாயில் அன்பாகச் சொன்னார்: "அருமையா பேசுனீங்க, கிராணி. முதல்ல செங்ல செய்யட்டும், பார்த்துட்டு நாங்க செய்றோம்."

நோனாவின் நிபந்தனை

கடைசியில் வயல் கிடைத்தது என் தெருவிலேயே. நாலு வீடு தள்ளி லெச்சுமி நோனா என்ற வயதான அம்மாள் இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடுப்பு சாரோங் கெபாயா, வாயைத் திறந்தால் மலாய். எங்கள் தமிழில் அவருக்குத் தெரிந்தது "தம்பி"யும் சாமி பெயர்களும்தான். குருபோங்கில் அவருக்கு ஒரு வயல் இருந்தது. அதைப் பாதி விளைச்சலுக்கு உழுது வந்தவர் யார் என்று பார்த்தால், அதே பாக் சமாட்.

வருஷத்துக்கு வருஷம் விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. நோனாவின் மகன் ராஜாவுக்குத் துறைமுக ஆபீஸில் வேலை. அவன் வயலை ஒரு செங்கல் சூளைக்காரருக்கு விற்றுவிடலாம் என்றான். அந்தக் களிமண்மேல் சூளைக்காரருக்கு ஒரு கண். நோனாவுக்கு மனசில்லை. அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த வயல் அரிசிதான் வீட்டில் பொங்கல். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். பிறகு நிபந்தனை போட்டார்: "பயிர் கெட்டா பழி உனக்கு. நல்லா வந்தா புகழ் மாரியம்மாவுக்கு." அப்படியென்றால் எனக்கு என்ன கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உனக்குத்தான் அரசாங்கம் சம்பளம் தருதே, தம்பி."

துரை வந்த நாள்

பாக் சமாட் நோனா சொல்லுக்குக் கட்டுப்பட்டார். ஆனால் வைக்கோலைக் கொளுத்தாமல் இருப்பது அவருக்குப் பெரிய சங்கடம். தீப்பெட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். நான் விடவில்லை. வரப்போரம் குழி தோண்டி, வைக்கோலும் எருமைச் சாணமும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். மேலே காய்ந்த வைக்கோலைப் பரப்பி மூடினோம். நாற்றம் வாய்க்கால் தாண்டிப் போய், அக்கம்பக்கத்தார் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் எங்கள் இலாகா துரை பார்வையிட வந்தார். வெள்ளைக் காலுறை, பளபளக்கும் சப்பாத்து. காய்ந்த வைக்கோலைத் தரை என்று நினைத்து, நான் வாய் திறப்பதற்குள் குழியில் கால் வைத்தார். முழங்கால் வரை போய்விட்டது. எனக்கு வேலையே போனமாதிரி இருந்தது. நானும் பாக் சமாட்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. பாக் சமாட் துரையின் காலைக் குனிந்து உற்றுப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் வழித்து, விரலில் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "நல்லா மக்கிடுச்சு, கிராணி. இனி வயல்ல போடலாம்."

துரை நல்ல மனுஷன். முதலில் சிரித்தவர் அவர்தான்.

குருவிகளின் சாட்சி

பயிர் அருமையாக வந்தது. சுற்றியிருந்த வயல்களெல்லாம் காய்ந்து கிடக்க, நடுவில் எங்களுடையது மட்டும் பச்சையாக நின்றது. அங்கேதான் வினை. கதிர் பால் பிடித்ததும் வட்டாரத்துக் குருவிகளெல்லாம் ஒன்றுகூடி வந்து இறங்கின. வேறு எங்கே போகும், பாவம். கீழே எலி, மேலே குருவி.

வயலைச் சுற்றிக் கயிறு கட்டித் தகரடப்பாக்களைத் தொங்கவிட்டோம். காலை முதல் இருட்டும்வரை ஆள் மாற்றி ஆள் இழுத்தோம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த புஷ்பம், "கொஞ்சம் பிடி" என்று நான் கொடுத்த கயிற்றைச் சாயங்காலம்தான் விட்டாள். வீட்டுக்கு வரும்போது காலிச் சாப்பாட்டுத் தூக்கையும் என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். இவ்வளவு செய்தும் பாதிக்கு மேல் போய்விட்டது. கதிர்கள் வெறும் காம்பாக நின்றன. ராஜா சூளைக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன். பாக் சமாட் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கதிரை ஒடித்து என் கையில் கொடுத்தார். "விதை நல்ல விதைதான், கிராணி. இத்தனை குருவி பொய் சொல்லுமா?"

குழைந்த சோறு

மிஞ்சியதை அறுத்து, குத்தி, நோனா என்னையும் புஷ்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் குழம்பு மணந்தது. சோறு கரண்டியோடு ஒரே கட்டியாக வந்தது. ராஜா அதை இலையில் உருட்டிக் காட்டி, "சுவரொட்டி ஒட்டலாம்" என்றான். புது நெல்லின் குணம் அப்படி. எனக்குத் தெரியும், ஆனால் விளைச்சல் பேச்சில் வாய் ருசி பற்றி யாரிடமும் பேசவில்லை. தலை குனிந்து சாப்பிட்டேன்.

நோனா கட்டிச் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். இரண்டொரு நாளில் அந்த அரிசியை மாவாக்கி, தேங்காய்ப்பாலும் மலாக்கா வெல்லமும் சேர்த்து வாழையிலையில் அவித்த குவே என்ற பலகாரம் ஒரு தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அவ்வளவு மெத்தென்ற குவேயை நான் சாப்பிட்டதில்லை. பண்டார் ஹிலிரில் காப்பிக் கடை வைத்திருந்த ஒருவர் ருசி பார்த்துவிட்டு, தினமும் வேண்டும் என்று கேட்டார். அரிசி தீரும்வரை நோனாவின் அடுப்பு அணையவில்லை. நன்றி சொல்லப் போன என்னிடம் மாவுக் கையோடு சொன்னார்: "சோறு ஆகலேன்னா என்ன, தம்பி. மனுஷன் வாய்க்குச் சோறு மட்டுமா போகுது?"

குருவிப் பங்கு

குவே விற்ற காசைப் பார்த்து, வயலை விற்பதை ராஜா ஒரு வருஷம் தள்ளிப்போட்டான். அடுத்த தடவை ஒரே வயலாக இருந்தால் மறுபடி குருவிக்குத்தான் அறுவடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் நட வேண்டும். வந்த குருவி எல்லா வயலுக்கும் பிரிந்து போகும், ஒருவருக்கும் பெரிய நஷ்டம் வராது. இதைச் சொல்ல மறுபடி அதே காப்பிக் கடைக்குப் போனேன். நான் பேசி முடித்ததும் பழையபடி தலையாட்டல் தொடங்கியது.

பாக் சமாட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன வருஷம் இந்த ஊர்க் குருவிக்கெல்லாம் நான் ஒருத்தன் சோறு போட்டேன். உங்க வீட்டுக் கூரையில கூடு கட்டுனதும் என் வயல்லதான் தின்னுச்சு. உங்க பங்குக் குருவியை நீங்க வெச்சுக்குங்க" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்ட பிறகு யாரால் மறுக்க முடியும்? வாய்க்கால் கரையில் வயல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டார்கள்.

அந்த வருஷம் குருவி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மக்கிய எரு போட்ட மண்ணில் கதிர் கனத்துச் சாய்ந்தது. அறுவடையன்று, தவுக்கே என்று ஊர் கூப்பிடும் சூளை முதலாளி முடிவு கேட்க வந்தார். ராஜா கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னான்: "மண்ணை ஒரு தடவைதான் விக்க முடியும், தவுக்கே. நெல்லை வருஷத்துக்கு ரெண்டு தடவை விக்கலாம்னு இருக்கோம்."

இத்தனைக்கும் இலாகா எனக்குக் கொடுத்த வெகுமதி ஒரு புதுச் சைக்கிள், அதுவும் என்னை இன்னும் தூரத்து ஊர்களுக்கு அனுப்பினால் பழைய சைக்கிள் தாங்காது என்பதால்.