அம்மா இறக்கி வந்த பெட்டிகள்

ரப்பர் பால் வெட்டும் எங்கள் குடும்பத்தில் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்த முதல் ஆள் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததும், சுங்கை பாக்காப்பில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்க நான் விமானம் ஓட்டுவதாகவே பேச்சு. உண்மையில் நான் பயணிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். இருபது பேர்கூட உட்கார முடியாத விமானம் அது. ஆளையும் பையையும் தராசில் வைத்து நிறுக்காமல் ஏற்ற மாட்டோம்.

எடை போடுகிறவனாகவே நின்றுவிடக் கூடாதென்று ஒரு யோசனை சொன்னேன். பெரிய கம்பெனிகளைப் போல நாமும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டியில் கேக், தண்ணீர், முள்கரண்டி எல்லாம் வைத்துக் கொடுக்கலாம் என்று. முதலாளிதான் எங்கள் கேப்டன். எஸ்டேட் மளிகைக் கடையில் வளர்ந்த சீனர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "செஞ்சு பாரு தம்பி. நல்லா போனா உன்ன நிரந்தரமாக்கிடுறேன்" என்றார்.

அவர் முடிவு சொல்லவேண்டிய வாரத்தில்தான் அம்மாவை லங்காவித் தீவுக்கு அனுப்பினேன். ஊழியர் குடும்பத்துக்கு ஒரு பயணம் இலவசம். போகும்போது அம்மா பயத்தில் கண்ணையே திறக்கவில்லையாம்.

மாலையில் திரும்பிய விமானத்தின் படியிறங்கி வந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு துணிப்பையோடு போனவர், இரண்டு கையிலும் புடைத்த பைகளோடு வந்தார். பின்னாலேயே கேப்டன்.

"அக்கா, ஏறும்போது ஒரு பைதானே நிறுத்தாங்க? இது எங்கேருந்து வந்துச்சு?"

"பிளேன்லதான் குடுத்தாங்க தவுக்கே." சீன முதலாளி என்றால் அம்மாவுக்குத் தவுக்கேதான். " கல்யாண வீட்டுல போறப்ப பை குடுக்கிற மாதிரி. பாதிப் பேரு தொறக்கவே இல்ல. வேணாமான்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"ஒரு வெள்ளைக்காரரு மட்டும் கேக்கை எடுத்துக்கிட்டு டப்பாவத் தந்தாரு."

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கேப்டன் பைகளை வாங்கிப் போய்த் தராசில் வைத்தார். முள் ஒரு கைக்குழந்தையின் எடையில் போய் நின்றது.

"இது தெனமும் போயிட்டு வருதா?"

"ஆமா கேப்டன்."

"அப்புறம்?"

"குப்பைத்தொட்டிக்கு."

பயணிகளின் கருவாட்டுப் பொட்டலத்தைக்கூட விடாமல் நிறுத்தவன் நான். என் பெட்டிகளுக்கு மட்டும் ஏதோ தோராயக் கணக்குப் போட்டு ஏற்றியிருந்தேன். குப்பைக்குப் போகிற ஒன்றை எண்ணெய் எரித்துக் கடலுக்கு மேலே தூக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

"நாளையிலேருந்து பெட்டி வேணாம்" என்றார்.

"மீட்டிங் எதுவும் வேணாமா கேப்டன்?"

"என்ன மீட்டிங் லா? பெரிய கம்பெனின்னா கமிட்டி போட்டு, சாப்பாட்டுக் காண்டிராக்டு முடிஞ்சு, அப்புறம் ஒரு வருஷம் யோசிப்பான். இங்க நான், நீ, மெக்கானிக்கு. பேசி முடிஞ்சிருச்சு. வெயிட்டு கொறஞ்சா எண்ணெயும் கொறையும்."

நான் வாரக்கணக்கில் யோசித்துக் கொண்டுவந்தது, நாங்கள் நின்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. எஸ்டேட்டில் ஒரு குழாயை மாற்றவே கணக்கெழுதும் பெரிய கிராணியிலிருந்து துரை வரை போய்வர வேண்டும். அப்படித்தான் உலகமே நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அம்மா குறுக்கே வந்தார். "நான் எடுத்ததுக்கா கோவம்? எல்லாத்தையும் கழுவித் தந்துடுறேன் தவுக்கே. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

"வெச்சுக்குங்க அக்கா." பிறகு என்னிடம், "இன்னும் என்னென்ன சும்மா தூக்கிக்கிட்டுத் திரியிறோம்னு காலையில மெக்கானிக்கோட ஏறிப் பாரு. இனிமே அதான் உன் வேலை."

"அப்ப நிரந்தரமா கேப்டன்?"

"பின்ன? பாதியில யார்கிட்ட குடுக்கிறது?"

மறுநாள் ஏறினோம். யாரும் புரட்டாத பழைய பத்திரிகைகள், சாவி தொலைந்துபோன இரும்புப் பெட்டி, தேநீரே போடாத தேநீர்க் கலம். ஒவ்வொன்றாக இறங்க இறங்க எனக்கு நம்பவே முடியவில்லை. இத்தனையும் எங்களோடு பறந்திருக்கிறது.

மதியம் தரையில் குவிந்து கிடந்தவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தேன். முந்தின இரவு ஜெலுத்தோங்கில் என் வாடகை அறையில் தங்கிய அம்மா, சம்பால் நெத்திலியோடு கட்டிக் கொடுத்திருந்தார், அதே பிளாஸ்டிக் பெட்டியில்.

அந்தப் பக்கம் வந்த கேப்டன் குனிந்து பார்த்தார்.

"இத நிறுத்துப் பாத்தியா?"